ஹெட்லி காட்டிய வயல்

ஹெட்லி ஸ்டப்ஸைப் பற்றி எங்கள் ஊர் வரலாற்று மன்றத்துச் செய்தி மடலில் எழுதுவதற்கு ரோலண்ட் ஃபாசெட் இருக்கிறார். அவர் எழுதினால் ஹெட்லி ஒரு மகான் மாதிரி வருவான், கடைசியில் கொஞ்சம் புத்தி பிசகிய மகான். அவன் இரண்டும் இல்லை. பேருந்து டிப்போவில் காலமெல்லாம் இஞ்சினைப் பிரித்து மாட்டியவன். கைதான் வேலை செய்யும், வாய் வேலை செய்யாது. என் புருஷன் கீத்துக்குச் சிநேகிதன். அதனால் நான் சொல்வது ரோலண்ட் சொல்வது மாதிரி இருக்காது.

ராவன்ஸ்பியில் ஒரு பெரிய போர் நடந்தது என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஐந்நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால், ஒரே ராஜ குடும்பத்துப் பங்காளிகள், யார் நாற்காலியில் உட்காருவது என்று ஒரு பனிக்காலத்தில் ஆயிரக்கணக்கான பேரைச் சாகடித்தார்கள். எந்த இடத்தில் என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. சேப்பல் என்கிற சின்னக் கோயிலுக்கு மேலே ஆஸ்க்வித்தின் மேட்டு வயலில் என்று ஒரு கட்சி. ஆற்றோரம் டாஸ்கரின் பள்ளத்து வயலில் என்று இன்னொரு கட்சி. நடுவில் ஒன்றரை மைல்தான். அந்த ஒன்றரை மைலுக்காகக் கல்யாணத்துக்கு அழைக்காமல் விட்டவர்கள் எங்கள் ஊரில் உண்டு.

மேட்டுக் கட்சிக்குத் தலைவர் ரோலண்ட். பூகோள வாத்தியாராக இருந்தவர், இன்றைக்கும் நம்மையெல்லாம் பின் பெஞ்சில் உட்கார வைத்துத்தான் பேசுவார். பள்ளக் கட்சிக்கு என் கீத். கீத் தபால்காரன், அந்த நிலத்தையெல்லாம் காலால் அளந்தவன். மாதம் ஒருமுறை சேப்பல் கூடத்தில் இரண்டு பேரும் மோதிக்கொள்வார்கள். தேநீர் போட்டு இஞ்சிக் கேக் வெட்டிக் கொடுப்பது என் வேலை. சண்டைக்காரர்களுக்குத் தின்னவும் கொடுத்த ஒரே படை நான்தான்.

"தளபதின்னு ஒருத்தன் இருந்தா மேட்டைத்தான் பிடிப்பான், கீத். சின்னப் பிள்ளைக்கும் தெரியும்" என்பார் ரோலண்ட்.

"பிடிச்சவன் பிடிச்சான், சரி. தோத்தவங்க தண்ணியில விழுந்து செத்தாங்க, பிணத்து மேல ஏறித்தான் மத்தவங்க கரை சேர்ந்தாங்கன்னு அந்தக் காலத்துப் பாதிரி ஒருத்தன் எழுதி வச்சிருக்கானே. உங்க மேட்டுல தண்ணிக்கு எங்க போவான்? நாலு ஆடு குடிக்கத் தண்ணி இல்ல அங்க."

"அப்ப ஒரு குளம் இருந்திருக்கலாம்."

"இருந்திருக்கலாம்! என் அத்தைக்கு மீசை இருந்திருந்தா சித்தப்பா ஆயிருக்கலாம்!"

கூடம் சிரிக்கும். ரோலண்டின் கழுத்து சிவக்கும். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கீத் சீட்டியடித்துக்கொண்டு வருவான். சொன்னால் நம்பமாட்டீர்கள், நாங்கள் சந்தோஷமாக இருந்த காலம் அதுதான். யாரிடமும் ஆதாரம் இல்லை, எல்லோரிடமும் வாய் இருந்தது.

ஹெட்லி இந்தச் சண்டையில் எந்தப் பக்கமும் பேசமாட்டான். கடைசி வரிசையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவனுக்குக் கருவிதான் எல்லாம். ஞாயிற்றுக்கிழமையானால் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, உலோகம் தேடும் அந்தக் குச்சியை இடமும் வலமும் வீசிக்கொண்டு வயல் வயலாக நடப்பான். கீச்சென்றால் குனிவான். கிறிஸ்துமஸ் வந்தால் நிலத்துக்காரனுக்கு ஒரு பாட்டில் விஸ்கி கொடுப்பான், அடுத்த வருடத்துக்கும் நடக்கலாம். இவ்வளவுதான் அந்த ஆட்களின் சட்டம்.

இன்னொரு சட்டமும் உண்டு, அதை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். எங்கே கிடைத்தது என்று கேட்டால் உண்மையைச் சொல்லக்கூடாது. மீன் பிடிக்கிறவன் ஆற்றில் பிடித்துவிட்டுக் குளத்தைக் கை காட்டுகிற மாதிரிதான். காரணம் இல்லாமல் இல்லை. ஒரு வருடத் தொடக்கத்தில் எங்கள் மன்றத்து ஆள் ஒருவன் தன் வயலின் பெயரை மடலில் எழுதிவிட்டான். அடுத்த வாரமே திருட்டுப் பயல்கள் இரவோடு இரவாக வந்து, பன்றி கிளறிய மாதிரி கிளறிவிட்டுப் போய்விட்டார்கள். அதிலிருந்து எல்லோரும் பொய் சொன்னார்கள், எல்லோரும் சொல்வது பொய் என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு செப்புக் காசுக்கோ பட்டனுக்கோ சொல்கிற பொய்தானே, யாருக்கு என்ன நஷ்டம்?

அப்படியிருக்கும்போதுதான் அந்த மார்ச் மாதக் கூட்டத்தில் ஹெட்லி எழுந்து முன்னால் வந்தான். புகையிலை டப்பாவைத் திறந்து மேஜையில் கவிழ்த்தான். ஈயக் குண்டுகள், அந்தக் காலத்துத் துப்பாக்கியில் போடுவது. ஒரு இடுப்பு வார்ப்பூட்டு. கட்டைவிரல் அளவில் ஒரு சின்னம், ஓடுகிற வேட்டை நாய், பொன் முலாம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த நாய் யாருடைய சின்னம் என்று அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். அதைச் சட்டையில் குத்தியிருந்த பிரபு ராவன்ஸ்பியில்தான் செத்தான்.

ரோலண்ட் வரைபடத்தை விரித்தார்.

"எங்க, ஹெட்லி? எங்கன்னு காட்டு."

நான் தேநீர்க் கெண்டியோடு பக்கத்தில்தான் நின்றிருந்தேன். கிரீஸ் ஏறிய அவனுடைய ஆள்காட்டி விரல் வரைபடத்தின் மேல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மேட்டில் வைத்தான்.

மேட்டுக் கட்சிக்காரர்கள் போட்ட கூச்சலில் சேப்பலின் கூரை பறந்திருக்க வேண்டும். ரோலண்ட் அழுதார், நிஜமாகவே அழுதார். கீத் அந்த நாய்ச் சின்னத்தை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தான். பிறகு ஹெட்லியின் தோளைத் தட்டி, "நல்லா பண்ணினடா" என்றான். அன்றைக்கு வீட்டுக்கு வரும்போது அவன் சீட்டியடிக்கவில்லை.

அடுத்த மாதம் கீத் ஒரே ஒரு கேள்வி கேட்டான். "மேட்டுல இப்ப எல்லாரும் கருவியோட நடக்குறீங்க. ஹெட்லியைத் தவிர வேற யாருக்கும் ஏன் ஒண்ணும் கிடைக்கல?"

"ஏன்னா ஹெட்லி ஒரு இடத்துல நடந்தா மிச்சம் வைக்கமாட்டான், எல்லாருக்கும் தெரியும்" என்றார் ரோலண்ட். "கீத், தோல்வியை ஒத்துக்கறதும் ஒரு அழகுதான்."

பின்னாலிருந்து ஒருவன், "தபால்காரன் விலாசம் மாறிக் கொண்டு போயிட்டான்!" என்று கத்தினான். அந்தக் கிண்டல் ஊரெல்லாம் ஒட்டிக்கொண்டது. கடையில், சலூனில், மதுக்கடையில், "என்ன கீத், இன்னைக்குச் சரியான வீட்டுலதான் போட்டியா?" என்று கேட்டார்கள். அவன் கூட்டத்துக்குப் போவதை விட்டுவிட்டான். இருபது வருடம் நடந்து நடந்து சேர்த்த குறிப்புகளை அட்டைப்பெட்டியில் கட்டிப் பரணில் ஏற்றினான். நான் மட்டும் தேநீர் போடப் போய்க்கொண்டிருந்தேன். யாராவது போகாவிட்டால் தோற்றுவிட்டோம் என்று ஆகிவிடுமே என்ற வீம்புதான்.

மேட்டின் பேர் வளர்ந்தது. அறிவிப்புப் பலகை வந்தது, கார் நிறுத்துமிடம் வந்தது, ஆஸ்க்வித் மாட்டுக் கொட்டகையைத் தேநீர்க் கடையாக்கினார். வருடா வருடம் ஆட்கள் தகரக் கவசம் மாட்டிக்கொண்டு வந்து வெட்டிக்கொள்வது போல நடித்துவிட்டு, ஆஸ்க்வித்திடம் கேக் வாங்கித் தின்றார்கள். ஹெட்லி மேலும் மேலும் கொண்டுவந்தான். அம்பு முனை, குண்டு, குதிரைச் சேணத்துப் பித்தளை. எல்லாவற்றையும் மேட்டில் கிடைத்தது என்றே கொடுத்தான். பலகையில் அவன் பெயரையும் போட்டார்கள்.

கீத்துக்கு நுரையீரலில் நோய் வந்தது. ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மன்றத்திலிருந்து வந்தவன் ஹெட்லி ஒருவன்தான். தினமும் வருவான். ஆரஞ்சை உரித்துச் சுளை சுளையாக எடுத்து வைப்பான், கீத் தின்னமாட்டான், இவனே தின்றுவிட்டுப் போவான். கடைசி வாரத்தில் ஒருநாள் கீத் அவனிடம், "நான் எங்கடா தப்பு பண்ணினேன்? தண்ணி இல்லாத இடத்துல எப்படிடா முங்கிச் செத்தாங்க?" என்று கேட்டான். ஹெட்லி குனிந்து ஆரஞ்சுத் தோலைப் பொறுக்கினான். இவனல்லவோ சிநேகிதன் என்று அன்றைக்கு நான் நினைத்தேன்.

வருடங்கள் ஓடின. பள்ளத்து டாஸ்கர் செத்தார். மகன்கள் நிலத்தை விற்றார்கள். பார்சல் வைக்கிற பெரிய பெரிய கொட்டகைகள் அங்கே வரப்போகின்றன என்று பேப்பரில் படம் போட்டார்கள். அதற்கு மறுநாள் காலையில் ஹெட்லி என் அடுப்படி வாசலில் நின்றான். தொப்பி கையில் இருந்தது, சவரம் செய்திருக்கவில்லை.

"உள்ள வா, குளிர் வருது."

வந்தான். உட்காரவில்லை.

"பெரில், அது மேட்டுல கிடைக்கல."

"எது?"

"எதுவுமே. எல்லாம் டாஸ்கரோட வயல்ல. பள்ளத்துல."

எனக்கு முதலில் ஒன்றும் உறைக்கவில்லை. பால் பொங்கிக்கொண்டிருந்தது, அதை இறக்கினேன். இறக்கிவிட்டுத் திரும்பியபோதுதான் உறைத்தது.

"ஏன்டா?"

"அப்பத்தான் திருட்டுப் பசங்க வந்துட்டுப் போயிருந்தாங்க. கூடத்துல நாப்பது பேர் இருந்தாங்க, யார் வாய் எப்படின்னு யாருக்குத் தெரியும்? ஆஸ்க்வித்கிட்ட காவல் நாய் இருக்கு, மேட்டைச் சொன்னா நாய் பாத்துக்கும்னு நினைச்சேன். கொஞ்ச நாள் கழிச்சு உண்மையைச் சொல்லிடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள ரோலண்ட் அழுதுட்டார். பலகை வச்சுட்டாங்க."

"கீத்துகிட்ட மட்டும் சொல்லியிருக்கலாமே."

"கீத்தால சும்மா இருக்க முடியுமா? அடுத்த கூட்டத்துல எழுந்து நின்னிருப்பான்."

அது நிஜம். அதனாலேயே எனக்குக் கோபம் தலைக்கேறியது. "ஆஸ்பத்திரியில சொல்லியிருக்கலாமேடா, பாவி! சாகப்போறவன், அவன் எந்தக் கூட்டத்துல எழுந்து நிக்கப் போறான்? உன்கிட்ட வாயைத் திறந்து கேட்டானே!"

ஹெட்லி தொப்பியின் விளிம்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"பக்கத்துக் கட்டில்ல ஒரு ஆள் இருந்தான்" என்றான்.

நான் அவனை அடிக்கவில்லை. அடித்திருக்க வேண்டும் என்று இப்போதும் தோன்றுகிறது. பக்கத்துக் கட்டிலில் சிறுநீர்ப் பையோடு கிடந்த கிழவன் எழுந்து போய்ப் பள்ளத்து வயலைத் திருடிவிடுவான் என்று பயந்து, என் புருஷனை முட்டாளாகவே சாகவிட்டிருக்கிறான். அவ்வளவு பத்திரமாகக் காத்த வயலில்தான் இப்போது பொக்லைன் வந்து நிற்கப்போகிறது.

"இதை என்கிட்ட ஏன் சொல்ற? கூட்டத்துல சொல்லு. மன்றம் மொத்தமும் எழுந்து நின்னா கட்டடத்தை நிறுத்தலாம்."

"நீ கூட நிப்பியா?"

"உனக்காக இல்ல. கீத்துக்காக நிப்பேன்."

சொன்னான். அதை மட்டும் நான் மறுக்கமாட்டேன். அந்த மாதக் கூட்டத்தில் முன்னால் வந்து, எழுதி வைத்துக்கொள்ளாமல், தடுமாறித் தடுமாறி எல்லாவற்றையும் சொன்னான். நான் வாசிக்கும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ரோலண்டின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கீத்துக்காக ஒரு தடவையாவது அந்தக் கழுத்து சிவக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

சிவக்கவில்லை. ரோலண்ட் அன்பாகச் சிரித்தார்.

"ஹெட்லி, உன் வீட்டுக் கொல்லை எந்த வயலைப் பாத்து இருக்கு?"

"டாஸ்கரோடதை."

"அப்ப அந்தக் கொட்டகை வந்தா உன் ஜன்னலுக்கு நேரா வரும்."

கூடத்தில் முணுமுணுப்பு எழுந்தது. பின்னாலிருந்து ஒருவன், "ஜன்னலை மறைக்குதுன்னு போரையே ஒன்றரை மைல் தள்ளிட்டுப் போறான்டா!" என்றான். சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று.

"ஜன்னலாவது கின்னலாவது!" என்றான் ஹெட்லி. "நான் அன்னைக்குச் சொன்னது பொய்யி. இதுதான் நிஜம்."

ரோலண்ட் எழுந்தார். "அன்னைக்குச் சொன்னது பொய், இன்னைக்குச் சொல்றது நிஜம். நாளைக்கு வந்து வேற ஒண்ணு நிஜம்னு சொன்னா? உன் சொல்லை வச்சுத்தான் நாங்க மேட்டை நம்பினோம். இப்ப உன் சொல்லை வச்சே மேட்டை விடணுமா? எந்த ஹெட்லியை நம்பறது, நீயே சொல்லு."

புலி வருது கதைதான். ஆனால் கதையில் புலியாவது வந்தது, தின்றுவிட்டுத் தன்னை நிரூபித்தது.

ஆஸ்க்வித் தன் பெரிய உடம்பைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். "யோவ், என் வயல்ல நீ வருஷக்கணக்கா நடந்தியே. என் சமையலறையிலருந்து நானே பாத்தேனே. அதுவும் பொய்யா?"

"நடந்தேன். கருவியை அணைச்சு வச்சுட்டு நடந்தேன்" என்றான் ஹெட்லி.

இதை மட்டும் கேட்டதும் சிலர் தலை நிமிர்ந்ததைப் பார்த்தேன். கருவி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், ஊர் கண்ணுக்காக அப்படி நடப்பது உண்டு. ஆனால் யாரும் வாயைத் திறக்கவில்லை. மேடு தப்பென்றால் பலகை தப்பு, மடல் தப்பு, வருடா வருடம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொன்னதெல்லாம் தப்பு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். ஊரே சேர்ந்து சோறு போட்டால் மறைக்கலாம்.

நான் எழுந்து கத்தினேன். அதில் ஒரு பயன் இருந்தது. மாவட்டத் தொல்லியல் அலுவலர் இமோஜன் வெயர் அன்றைக்கு வந்திருந்தாள். சின்னப் பெண், நிதானமானவள். வாதமெல்லாம் வேண்டாம், பள்ளத்து வயலைத் தேடிப் பார்த்துவிடலாம் என்றாள். கட்டடக் கம்பெனியைக் கேட்டு அனுமதியும் வாங்கினாள். குண்டும் அம்பு முனையும் இருந்தால் கிடைக்கும், கிடைத்தால் வேலையை நிறுத்தலாம். வெளியே வந்ததும் ஹெட்லி என் கையைப் பிடித்துக்கொண்டான். "கிடைக்கும், பெரில். அந்த வயல் மாதிரி ஒரு வயலே கிடையாது" என்றான். அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. கயிறு கட்டிப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, மன்றத்துக் கருவிக்காரர்கள் எல்லோரும் வரிசையாக நடந்தார்கள். ரோலண்டும் வந்திருந்தார், மடக்கு நாற்காலியோடு. ஹெட்லி நடுப் பாத்தியில் நடந்தான். எங்கே எது கிடைத்தது என்று அவனுக்கு மனப்பாடம். எழுதி வைத்தால் திருடன் படித்துவிடுவான் என்று ஒரு வரிகூட அவன் எழுதி வைத்ததில்லை. "அந்த வேலிக்கிட்ட பாருங்க, குண்டு கொட்டிக் கிடந்தது. அந்த வளைவுல பாருங்க" என்று கூவிக்கொண்டே போனான்.

கிடைத்தது பீர் மூடிகள். டிராக்டர் ஆணி ஒன்று. யாரோ தொலைத்த வீட்டுச் சாவி.

மத்தியானத்துக்குள் ஹெட்லி கூவுவதை நிறுத்தியிருந்தான். இரண்டாம் முறையாகக் குறுக்குவாட்டில் நடக்கச் சொன்னாள் இமோஜன். அப்போதும் ஒன்றுமில்லை. ஆற்றங்கரை ஓரமாக ஹெட்லி தன் கருவியை வீசி வீசி நடப்பதை வேலிப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று நின்றான். ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, வயலைத் திரும்பி ஒருமுறை பார்த்தான். பிறகு நேராக என்னிடம் வந்தான்.

"நல்லா பண்ணியிருக்கேன், பெரில்" என்றான். "ஒண்ணைக்கூட விடல."

எத்தனை ஞாயிறு. நெடுக்கே, குறுக்கே, கோணலாக, உழுத பிறகு ஒருமுறை, மழை பெய்த பிறகு ஒருமுறை. திருடன் வந்தால் அவனுக்கு ஒரு ஈயத் துணுக்குகூடக் கிடைக்கக்கூடாது என்று துடைத்து எடுத்திருக்கிறான். அவன் சொல்வதற்குச் சாட்சி சொல்லக்கூடியதையெல்லாம் அவனே பொறுக்கி எடுத்து ஒன்றரை மைல் தள்ளிக் கொண்டுபோய் வைத்துவிட்டான். திருடன்கூட இவ்வளவு சுத்தமாகச் செய்திருக்கமாட்டான்.

ரோலண்ட் நாற்காலியை மடக்கிக்கொண்டே, "காலி. வருத்தமாத்தான் இருக்கு" என்றார்.

"மேட்டுல மத்தவங்களுக்கு ஒண்ணும் கிடைக்காதப்ப, ஹெட்லி மிச்சம் வைக்கமாட்டான்னு சொன்னீங்களே" என்றேன். "பள்ளத்துல கிடைக்கலன்னா மட்டும் போரே நடக்கலையா?"

"பெரில், கண்ணு" என்றார். அப்படிக் கூப்பிடும்போதே அவர் ஜெயித்துவிட்டார் என்று தெரியும். "மேட்டுல கிடைச்சதுக்கு ஒரு சாட்சி இருந்தது. ஹெட்லி."

இமோஜன் தன்னால் ஆனதைச் செய்தாள். மூன்று இடத்தில் குழி வெட்டிப் பார்த்தார்கள். களிமண்ணும் பழைய வடிகால் குழாயும்தான். கீழே எலும்பு இருக்கிறது, இன்னும் தோண்டுங்கள் என்று ஹெட்லி கெஞ்சினான். எங்கே தோண்டுவது என்று அவள் கேட்டபோது வயல் முழுவதையும் கை காட்டினான். அவன் கருவிக்கு ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே காது கேட்காது.

"உங்களை நம்பணும்னு எனக்கு ஆசையாத்தான் இருக்கு, மிஸ்டர் ஸ்டப்ஸ்" என்றாள். "ஆசையை அறிக்கையில எழுத முடியாதே."

கொட்டகைகள் வந்துவிட்டன. சாம்பல் நிறத்தில் ஜன்னலே இல்லாமல் நாலு பெட்டி. ஆற்றோரம் முழுக்கத் தார். அடியில் யார் கிடக்கிறார்கள் என்று இனி எவனும் பார்க்கப்போவதில்லை.

ஹெட்லியை மன்றத்திலிருந்து தள்ளிவைப்பார்கள் என்று நினைத்தேன். அப்படிச் செய்திருந்தால்கூட அதில் ஒரு மரியாதை இருந்திருக்கும். அவர்கள் செய்தது வேறு. எல்லோரும் அவனிடம் அன்பாகிவிட்டார்கள். வயசாகிவிட்டது, தனியாக இருக்கிறான், அந்தக் கொட்டகை விஷயத்தில் மனசு கொஞ்சம் பிசகிவிட்டது, பாவம். டாக்டரைப் பார்த்தானா என்று என்னிடம் குசுகுசுவென்று கேட்டார்கள். முறை வைத்துச் சூப் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அவன் மறுபடி பள்ளம் என்று ஆரம்பித்தால், "ஆமாம்பா, ஆமாம்பா" என்று தலையாட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போனார்கள். வாழ்நாளில் ஒருமுறை வாயைத் திறந்து உண்மையைச் சொன்னான், அதற்கு மருந்து மாத்திரை இருக்கிறதா என்று பார்த்தார்கள்.

இந்த வருடம் மேட்டில் மலர்வளையம் வைக்கிற நாளில், அதை வைக்கும் கௌரவத்தை ஹெட்லிக்கே கொடுப்பது என்று ரோலண்ட் முடிவு செய்தார். வரமாட்டான் என்று பந்தயம் கட்டியிருப்பேன். வந்தான். சவரம் செய்து, கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தான். ஊதுகுழல் ஊதினார்கள். போர்க்களத்தைக் கண்டுபிடித்துத் தந்தவர் என்று ரோலண்ட் பேசினார். ஹெட்லி வளையத்தை வாங்கி, ஆள் விழாத மண்ணில், அம்பு விழாத மண்ணில், பலகைக்குக் கீழே வைத்தான். எல்லோரும் கை தட்டினார்கள். ஆஸ்க்வித் ஓசியில் கேக் கொடுத்தார். நான் தின்னவில்லை.

என் காரில்தான் அவனை வீட்டில் விட்டேன். அவன் வீட்டு வாசலில் நிறுத்தியும் இறங்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் கொட்டகையின் சுவர் வானத்தை மறைத்துக்கொண்டு நின்றது.

"ஏன்டா போய் வச்ச?" என்று கேட்டேன்.

"தினமும் சூப் கொண்டுவர்றாங்க, பெரில். எத்தனை நாள் முகத்தைத் திருப்பிக்கறது?" என்றான். பிறகு, "யாருக்கும் என்மேல கோபமே இல்ல. ரோலண்டுக்குக்கூட இல்ல. எல்லாரும் மன்னிச்சுட்டாங்க" என்றான்.

"ஆமா. நீ செஞ்சதா அவங்க நம்பினாத்தானே கோபம் வரும்."

அவன் என் பக்கம் திரும்பினான். கண் கலங்கியிருந்தது. எண்பது வயதுக் கிழவன், கெஞ்சுகிற கண்.

"நீயாவது நம்புறியா?"

"நம்புறேன்" என்றேன். "ஒவ்வொரு வார்த்தையையும் நம்புறேன். அதனாலதான் என்னால உன்னை மன்னிக்க முடியல."

தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டான். பிறகு கதவைத் திறந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கி, வீட்டுக்குள் போனான். அவன் விளக்குப் போடும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் நான் காரை எடுத்தேன்.